ஐம்புலன்களும் ஆலய வாசல்களே: மழலையர் மறைக்கல்வியின் வரலாறு



யூபிலி மலர் என்றால் கோயில் எழுந்த கதையும், பங்குக் குருக்களின் வரிசையும், கொடிமரமும் மணிக்கூண்டும் வந்த விபரமும் இடம்பெறுவது வழக்கம். அவை அனைத்தும் வேண்டியவையே. ஆயினும் இரண்டு, மூன்று வயதுக் குழந்தைகளுக்குத் திருச்சபையில் இடம் கிடைத்த வரலாறு ஒன்றும் உண்டு. ரோமையில் தொடங்கி, நமது கொடைக்கானல் மலையையும் தொட்டுச் சென்ற வரலாறு அது. அதை இம்மலரில் சுருக்கமாகச் சொல்ல விழைகிறோம்.

நம் தாய்த் திருச்சபை ஐம்புலன்களை என்றும் ஒதுக்கியதில்லை. ஆண்டவர் இயேசு செவிடனின் காதுகளில் தம் விரல்களை வைத்தார். பிறவிக் குருடனின் கண்களில் சேறு பூசினார். ஞானஸ்நானத்தில் குழந்தையின் காதையும் வாயையும் தொட்டுச் செபிக்கும் சடங்கு அந்த முதல் புதுமையை நினைவூட்டுவதே. அவஸ்தைப்பூசுதலில் கண், காது, மூக்கு, வாய், கை, கால் என ஒவ்வொன்றுக்கும் தைலம் பூசும் முறை, நோயிற்பூசுதல் சடங்கு 1972-ல் சீர்திருத்தப்படும் வரை நீடித்தது. 1223-ஆம் ஆண்டு கிறிஸ்து பிறப்பு இரவில், புனித பிரான்சிஸ் அசிசியார் கிரேச்சோ என்னும் ஊரில் வைக்கோலும் தீவனத் தொட்டியும் மாடும் கழுதையும் கொண்டுவரச் செய்து, பாலன் பிறந்த ஏழ்மையை மக்கள் கண்ணாரக் காண வைத்தார். நம் வீடுகளில் வைக்கும் குடிலுக்கு அதுவே முன்னோடி.

இவ்வளவு இருந்தும், பிள்ளைகளுக்கான ஞானோபதேசம் மட்டும் நெடுங்காலம் கேள்வி பதிலாகவே நடந்தது. மனப்பாடம் செய்ய வராத மழலை, வயது வரும்வரை காத்திருக்க வேண்டியதுதான். பல நாடுகளில் பத்து, பன்னிரண்டு வயதுக்குப் பின்னரே புதுநன்மை வழங்கினார்கள். புனித பத்தாம் பத்திநாதர் 1910-ஆம் ஆண்டு ஆகஸ்டு 8-ஆம் நாள் வெளியிட்ட ஆணையின் வழியாக, சுமார் ஏழு வயதிலேயே நற்கருணை வாங்கலாம் என்று கதவைத் திறந்தார். அப்படியானால் ஏழு வயதுக்குக் கீழே உள்ளவர்கள்?

அதற்கு விடை, ரோமை நகரின் ஏழைக் குடியிருப்பாகிய சான் லொரென்சோவில் உருவாகிக்கொண்டிருந்தது. பெற்றோர் வேலைக்குப் போய்விட, சிறுவர்கள் அங்குள்ள படிக்கட்டையும் சுவரையும் பாழாக்குகிறார்கள் என்பதற்காகக் கட்டட நிர்வாகத்தார் ஓர் அறையை ஒதுக்கினார்கள். 1907-ஆம் ஆண்டு ஜனவரி 6-ஆம் நாள், மூன்று இராசாக்கள் திருநாளன்று, மரியா மாண்டிசோரி அம்மையார் அங்கே குழந்தைகள் இல்லத்தைத் தொடங்கினார். 1870-ல் பிறந்து, 1896-ல் மருத்துவப் பட்டம் பெற்ற கத்தோலிக்கப் பெண்மணி அவர்.

அவர் புத்தகத்தை நம்பவில்லை. பிள்ளைகளின் கையையும் கண்ணையும் நம்பினார். 1 சென்டிமீட்டர் முதல் 10 சென்டிமீட்டர் வரை அளவுள்ள பத்துக் கட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கக் கொடுத்தார். சொரசொரப்பான பலகையையும் வழவழப்பான பலகையையும் தடவிப் பார்க்கச் செய்தார். குலுக்கினால் வெவ்வேறு ஒலி தரும் பெட்டிகளில் ஒத்தவற்றை ஜோடி சேர்க்கச் சொன்னார். உப்புத்தாளில் வெட்டி ஒட்டிய எழுத்துக்களின்மேல் விரலை ஓட்டியே குழந்தைகள் எழுதக் கற்றார்கள்.

அவர் சொல்லியுள்ள நிகழ்ச்சிகளில் இரண்டு நம் சிந்தனைக்கு உரியவை. ஒரு நாள் மூக்கைச் சிந்துவது எப்படி என்று கைக்குட்டையோடு செய்து காட்டினார். குழந்தைகள் கூர்ந்து கவனித்துவிட்டு, முடிவில் கைதட்டி ஆரவாரம் செய்தார்களாம்! மூக்கு ஒழுகுகிறது என்று எல்லாரும் அவர்களை ஏசினார்களே தவிர, எப்படித் துடைப்பது என்று அதுவரை யாரும் சொல்லித் தந்ததில்லை. இன்னொரு நாள் நான்கு மாதக் கைக்குழந்தை ஒன்றை வகுப்புக்குள் கொண்டுவந்து, இதைப்போல் அமைதியாக இருக்க உங்களால் முடியுமா என்று கேட்டார். அத்தனை பேரும் மூச்சையும் அடக்கி அமர்ந்துவிட்டார்கள். பயமுறுத்தி வராத அமைதி, விளையாட்டாக வந்தது.

இதே வழியை மறைக்கல்விக்கும் பயன்படுத்தும் முயற்சி ஸ்பெயின் நாட்டின் பார்சலோனா நகரில் நடந்தது. அம்மையாரின் மாணவி அன்னா மரியா மக்கெரோனி 1915-ல் அங்கே சென்று பள்ளி தொடங்கினார். குழந்தைகளின் உயரத்துக்கு ஏற்ற சிற்றாலயம் அமைந்தது. சிறிய நாற்காலிகள், கைக்கு எட்டும் தீர்த்தத் தொட்டி. பிள்ளைகள் கோதுமையும் திராட்சையும் பயிரிட்டு வளர்த்தார்கள். பீடத்தின் அப்பமும் இரசமும் எங்கிருந்து வருகின்றன என்பதை, மண்ணைத் தொட்டே அறிந்துகொண்டார்கள். இந்த அனுபவத்தை விளக்கும் அம்மையாரின் நூல் 1922-ல் நேப்பிள்சில் வெளிவந்தது.

பின்பு சோதனைக் காலம் வந்தது. அம்மையார் முசோலினியின் ஆட்சியோடு ஒத்துப்போக முடியாமல் 1934-ல் இத்தாலியை விட்டார். 1936-ல் உள்நாட்டுப் போரினால் ஸ்பெயினையும் விட்டார். 1939-ல் பிரம்மஞான சபையாரின் அழைப்பை ஏற்றுச் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். 1940 ஜூனில் இத்தாலி போரில் இறங்கவே, அவருடைய மகன் மாரியோ எதிரி நாட்டவர் என்று காவலில் வைக்கப்பட்டார். அம்மையாரின் எழுபதாம் பிறந்த நாளன்று, வைஸ்ராய் அந்த மகனைப் பரிசாகத் திருப்பிக் கொடுத்தார். 1942 முதல் 1944 வரை கொடைக்கானலில் தங்கி, சிறு பள்ளி ஒன்றையும் நடத்தினார். 1952-ல் ஹாலந்தில் அவர் காலமானார்.

அவர் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தவர்கள் ரோமையைச் சேர்ந்த இரு பெண்கள். ஒருவர் எபிரேய மொழியும் மறைநூலும் கற்ற சோஃபியா கவலெட்டி; மற்றவர் மாண்டிசோரி முறையில் தேர்ந்த ஜன்னா கோபி. 1954-ல் அவர்கள் தொடங்கிய பணியே இன்று பல நாடுகளில் நல்லாயன் மறைக்கல்வி என்று வழங்குகிறது. மரத்தில் செய்த ஆயனும் ஆடுகளும் ஒரு சிறு பட்டியும் இருக்கும். கதையைக் கேட்ட குழந்தை தன் கையாலேயே ஆடுகளை நகர்த்தி ஆயன் பின்னே நடத்தும். சின்னஞ்சிறு பீடத்தில் மெழுகுவர்த்தியும் கிண்ணமும் வைத்துப் பழகும். ஆறு வயதுக்குள் குழந்தை நாடுவது சட்டத்தை அல்ல, தன்னைப் பேர் சொல்லி அழைக்கும் அன்பையே என்பது அவர்கள் கண்ட உண்மை.

திருச்சபையும் இதற்குச் செவிசாய்த்தது. சிறுவர் திருப்பலிக்கென 1973-ல் ரோமை வெளியிட்ட வழிகாட்டி ஏட்டில், சைகைகளுக்கும் காட்சிப் பொருட்களுக்கும் சிறப்பிடம் தரப்பட்டுள்ளது. பூசையில் பங்குபெற இயலாத மழலைகளைப் பங்கின் உதவியாளர்கள் தனி இடத்தில் கவனித்துக்கொண்டு, பூசை முடிவில் அழைத்து வந்து எல்லாரோடும் ஆசி பெறச் செய்யலாம் என்றும் அது சொல்கிறது.

அன்பர்களே! நம் கோயில்களில் நடப்பது என்ன? குழந்தை சிணுங்கியதும் நான்கு பேர் திரும்பிப் பார்க்கிறார்கள். தாய் வெட்கிப்போய் வெளியே மரத்தடிக்குப் போய்விடுகிறாள். குழந்தைக்கும் பூசை இல்லை, தாய்க்கும் பூசை இல்லை. சான் லொரென்சோவின் பிள்ளைகளைப் போலவே நம் பிள்ளைகளும் ஏச்சைக் கேட்கிறார்கள். சொல்லித் தருவார் இல்லை.

இந்த யூபிலி ஆண்டில் ஓர் அறையும், இரண்டு பாயும், பொறுமையுள்ள நாலு பேரும் போதுமே! கண்ணைக் கட்டிக்கொண்டு மல்லிகையையும் சாம்பிராணியையும் முகர்ந்து பெயர் சொல்லட்டும். வெல்லத்தையும் புளியையும் சுவைத்துப் பார்க்கட்டும். விரிந்த தாளில் படுக்கவைத்து உடல் உருவத்தைக் கரியால் வரைந்து கொடுத்தால், கண்ணும் காதும் கையும் தாங்களே எழுதிச் சேர்ப்பார்கள். குருத்தோலை ஞாயிறன்று சிறு விரல்கள் ஓலைச் சிலுவை மடிக்கட்டும். ஒவ்வொன்றின் முடிவிலும், இதைப் படைத்துத் தந்தவர் யார் என்ற ஒரே கேள்வி போதும்.

நம் முன்னோர் கல்லால் ஆலயம் எழுப்பித் தந்தார்கள். அதன் வாசலில் நின்று எட்டிப் பார்க்கும் மழலைகளை உள்ளே அழைத்து வருவது நம் கடமை. குழந்தைகளைத் தம் அருகே அழைத்து அணைத்துக்கொண்ட நல்லாயன், இம்முயற்சியை ஆசீர்வதிப்பாராக!