தகரச் சீட்டும் குலுக்கல் சீட்டும்

நம் வட்டத்தின் பத்தாண்டுக் கூட்டங்களில் கடல்கடந்து போனவர்களைப் பற்றிய கவிதைகள் எத்தனையோ அரங்கேறியுள்ளன. அவற்றில் கப்பல் உண்டு. கரையில் நின்ற தாயின் கண்ணீர் உண்டு. திரும்பி வராத கடிதங்களும் உண்டு. போகிறவனின் கையில் இருந்த சீட்டு மட்டும் எந்தக் கவிதையிலும் இடம்பெற்றதாக எனக்கு நினைவில்லை. கவிஞர்களைக் குறை கூறுவதற்காக இதைச் சொல்லவில்லை. அலுவலகத் தாளில் கவிதைக்கு என்ன இருக்கிறது என்றுதான் நானும் எண்ணியிருந்தேன். சென்ற ஆண்டு என் மாணவி ஒருத்தி ஒரு விண்ணப்பத்தை என்முன் விரித்து வைத்த பிறகே அந்த எண்ணம் மாறியது. அவளைப் பற்றி முடிவில் கூறுகிறேன்.

சங்கப் பாடல்களில் பொருள்வயிற் பிரியும் தலைவன் விடைபெற வேண்டியது தலைவியிடத்தில் மட்டுமே. அவள் வாட்டம் கண்டு அவன் பயணத்தைக் கைவிடுவதும் உண்டு. அதற்குச் செலவழுங்கல் என்று தனிப்பெயரே இட்டு வைத்தார்கள் நம் முன்னோர். எந்த அரசனும் எந்த அதிகாரியும் அவனைத் தடுத்து நிறுத்திச் சீட்டுக் கேட்டதாகச் செய்தி இல்லை. கடல்வழிச் செலவு மகளிரொடு கூடியது அன்று என்பது தொல்காப்பியர் வகுத்த நெறி. பல நூற்றாண்டுகள் கழித்து ஆங்கில அரசு இதற்கு நேர்மாறாக விதித்தது: ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிச் செல்லும் கப்பலில் 100 ஆடவருக்கு 40 மகளிரேனும் இருக்க வேண்டும் என்றது. இரண்டு விதிகளையும் வகுத்தபோது பெண்ணின் விருப்பத்தைக் கேட்டவர் எவருமிலர் என்பதை மட்டும் குறித்துவிட்டு மேலே செல்கிறேன்.

அடிமை முறை ஆங்கிலக் குடியேற்றங்களில் 1834-ஆம் ஆண்டு ஒழிந்தது. கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் வேண்டியிருந்தது. அவ்வாண்டிலேயே மொரீசியசுக்கு இந்தியக் கூலிகள் அனுப்பப்பட்டனர். 1860 நவம்பர் 16 அன்று ‘துரூரோ’ என்னும் கப்பல் சென்னையிலிருந்து 342 பேரைத் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலில் கொண்டு சேர்த்தது. அவர்கள் கைநாட்டு வைத்த ஒப்பந்தம் ஐந்தாண்டுக்கு உரியது. முதலாண்டுக் கூலி திங்களுக்குப் பத்துச் சில்லிங். ‘அக்ரிமெண்டு’ என்னும் அச்சொல்லே வடநாட்டார் நாவில் ‘கிர்மிட்’ ஆயிற்று. மலாயாவிலோ நம்மவர் ‘சஞ்சிக்கூலி’ என்றனர். ‘ஜாஞ்சி’ என்னும் மலாய்ச் சொல்லுக்கு வாக்குறுதி என்பது பொருள். வாக்குக் கொடுத்தவன் கூலி. வாக்கைப் பெற்றுக்கொண்டவன் தோட்ட முதலாளி. அவன் பதிலுக்குக் கொடுத்த வாக்கு எழுத்தில் இருந்தது, ஆனால் அந்த எழுத்தைப் படிக்கத் தெரிந்தவர் கப்பலில் ஏறியவர்களில் மிகச் சிலரே.

இந்த ஒப்பந்தத்தின் உயிர்நிலை ஒன்று உண்டு. சாதாரண வேலைக்காரன் முதலாளியை விட்டு நீங்கினால் அது உரிமையியல் வழக்கு. ஒப்பந்தக் கூலி நீங்கினால் அது குற்றவியல் வழக்கு. சிறைத் தண்டனைக்கு உரியது. இதை விளக்கப் பாலசுந்தரத்தின் கதையைவிடச் சிறந்த சான்று இல்லை.

1894-ஆம் ஆண்டு. காந்தியடிகள் டர்பனில் வழக்கறிஞர் தொழிலைத் தொடங்கிச் சில மாதங்களே ஆகியிருந்தன. கிழிந்த உடையும் உடைந்த முன்பற்கள் இரண்டும் குருதி ஒழுகும் வாயுமாக, தலைப்பாகையைக் கையில் ஏந்தியபடி ஒரு தமிழர் நடுங்கிக்கொண்டு அவர்முன் வந்து நின்றார். அடித்தவர் அவருடைய வெள்ளை முதலாளி. காந்தியடிகள் மருத்துவரிடம் சான்று பெற்று, நீதிபதியிடம் அழைத்துச் சென்றார். முதலாளிக்கு அழைப்பாணையும் பிறந்தது. ஆயினும் பாலசுந்தரம் வேண்டியது தண்டனையன்று, விடுதலை. அதற்குச் சட்டத்தில் இருந்த வழி இரண்டே: கூலிகளின் பாதுகாவலர் என்னும் அதிகாரி ஒப்பந்தத்தை நீக்கியோ வேறொருவர் பெயருக்கு மாற்றியோ கொடுக்க வேண்டும், அன்றேல் முதலாளியே மனமுவந்து விட வேண்டும். இறுதியில் ஒப்பந்தம் வேறொரு வெள்ளையர் பெயருக்கு மாற்றப்பட்டது. அந்தப் புது முதலாளியைத் தேடிப்பிடித்தவரும் காந்தியடிகளே. தன் சத்திய சோதனையில் அவர் இந்நிகழ்ச்சியை விரித்து எழுதியுள்ளார். படிப்பவர் பெரும்பாலும் தலைப்பாகையைப் பற்றியே பேசுகிறார்கள். எனக்கோ அந்தப் பெயர்மாற்றம்தான் உறுத்துகிறது. பல் உடைபட்ட மனிதனுக்குக் கிடைத்த மிகப்பெரிய நீதி, நிலப் பட்டாவைப் போல அவனை இன்னொருவர் பெயருக்கு எழுதிக் கொடுத்ததுதான்.

ஐந்தாண்டு முடிந்த பிறகேனும் அவன் தன்னுடைமை ஆனானா? 1895-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, ஒப்பந்தம் முடிந்தும் ஊர் திரும்பாமலும் மீண்டும் ஒப்பந்தம் எழுதாமலும் நேட்டாலில் தங்குவோர் ஆண்டுக்கு மூன்று பவுன் வரி கட்ட வேண்டும் என்றது. பின்னர் 16 வயது நிரம்பிய மகனுக்கும் 13 வயது நிரம்பிய மகளுக்கும் அவ்வரி நீண்டது. பதின்மூன்று வயதுச் சிறுமி தான் பிறந்த மண்ணில் இருப்பதற்கு உரிமச் சீட்டு வாங்க வேண்டியிருந்தது. டிரான்சுவாலில் விரல்ரேகை பதித்த பதிவுச் சீட்டு வேறு. 1908 ஆகஸ்டு 16 அன்று ஜோகன்னஸ்பர்க்கு ஹமீதியா மசூதித் திடலில் அச்சீட்டுகளை மொத்தமாகப் போட்டுக் கொளுத்தினார்கள். 1913-இல் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர், மகளிரும் குழந்தைகளும் உடன்வர, அனுமதிச் சீட்டு இல்லாமலே நேட்டால் எல்லையைக் கடந்து டிரான்சுவாலுக்குள் நடந்தார்கள். தில்லையாடி வள்ளியம்மை சிறையில் காய்ச்சல் கண்டு, வெளிவந்து, 1914 பிப்ரவரி 22-இல் மறைந்தபோது அவளுக்கு வயது 16. அவளைத் தியாகி என்று போற்றுகிறோம். எதற்காகச் சிறை சென்றாள் என்று வகுப்பில் கேட்டால் விடை தெரிந்த மாணவர் அரியர். அப்போராட்டத்தின் கோரிக்கைகளில் முதன்மையானது அந்த மூன்று பவுன் வரி. அவ்வாண்டே அது நீக்கப்பட்டது.

தூரத்து நேட்டாலைவிட நமக்கு நெருங்கியது இலங்கை. அங்கே ஐந்தாண்டு ஒப்பந்தம் இல்லை, இருந்தது கடன். கங்காணி முன்பணம் கொடுத்து ஊரிலிருந்து ஆள் கூட்டிச் செல்வார். கூலி எழுதியறியாத அக்கடன் ‘துண்டு’ என்னும் தாளில் ஏறும். இத்தொகையைக் கட்டுவோர் இவ்வாள்களைப் பெற்றுக்கொள்ளலாம் என்பது அதன் உட்பொருள். ஒரு தோட்டத்துரை எழுதிக் கொடுத்த துண்டை இன்னொரு துரை பணம் கட்டி மீட்டுக்கொள்வார். பணம் கைமாறும், ஆள்களும் கைமாறுவார்கள். 1921-இல்தான் துண்டு முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. கூலி, கங்காணி, துண்டு ஆகிய மூன்று தமிழ்ச் சொற்களையும் அக்கால ஆங்கில ஆவணங்கள் அப்படியே எடுத்தாண்டன. தமிழ் உலகெங்கும் சென்றது என்று மேடையில் பெருமை பேசும்போது, அது எந்தச் சொற்களாகச் சென்றது என்பதையும் நாம் எண்ணிப் பார்க்கலாம்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலங்கைக்குச் செல்வோருக்குத் தகரச் சீட்டு வந்தது. நாணயத்தைவிடச் சற்றுப் பெரிய வட்டத் தகடு. அதில் துளையிட்டுக் கயிறு கோத்துக் கழுத்திலோ கையிலோ கட்டிக்கொள்வார்கள். அதைக் காட்டினால் வழிச்செலவு இல்லை. செலவு தோட்டத்தின் கணக்கில் எழுதப்படும். வழி தவறினாலும் எந்தத் தோட்டத்துக்கு அனுப்ப வேண்டும் என்பது தகட்டைப் பார்த்தால் தெரியும். தகட்டில் தோட்டத்துக்குரிய எண் இருந்தது. அணிந்தவரின் பெயர் இல்லை. அஞ்சல் பைக்கு முகவரி கட்டுவதைப் போன்றது என்று சொல்லத் தோன்றுகிறது. ஆனால் அஞ்சலில் அனுப்புநர் பெயரேனும் இருக்கும்.

என் பாட்டியின் தமையனார் ஒருவர் பதினெட்டோ பத்தொன்பதோ வயதில் மண்டபம் முகாம் வழியாகச் சென்றவர் என்று வீட்டில் சொல்வார்கள். அங்கே சில நாள் தடுத்துவைத்து, அம்மை குத்தி, உடை வெளுத்து, பிறகு தனுஷ்கோடிக்கு அனுப்புவார்கள். தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்குக் கப்பல். போனவரிடமிருந்து இரண்டு கடிதங்கள் வந்தனவாம்; பிறகு இல்லை. எந்தத் தோட்டம் என்று கேட்டு எழுத வீட்டில் எவருக்கும் தெரியவில்லை. தோட்டத்தின் எண் அவர் கழுத்தில் இருந்தது. வீட்டில் இருந்தது அவர் பெயர். புதுமைப்பித்தனின் துன்பக்கேணியை ஒவ்வோர் ஆண்டும் பாடம் நடத்தும்போது எனக்கு அவர் நினைவு வருவது இயல்பே.

1922-ஆம் ஆண்டின் குடியகல்வுச் சட்டம் நிலைமையை ஓரளவு மாற்றியது என்பதை நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஒப்பந்த முறை அதற்கு முன்பே, 1917-இல் ஆளெடுப்பு நின்று, 1920-இல் பிஜியில் எஞ்சியிருந்த ஒப்பந்தங்களும் நீக்கப்பட்டு முடிந்திருந்தது. புதிய சட்டத்தின்படி கங்காணி உரிமம் பெற வேண்டும். ஆள்களைக் கிராம முன்சீப்பிடம் காட்டி ஒப்பம் பெற வேண்டும். 18 வயது நிரம்பாதவர் பெற்றோரோ காப்பாளரோ இன்றிச் செல்லலாகாது. நாகப்பட்டினம், ஆவடி முகாம்களிலிருந்து மலாயா சென்றவர் ஒரு திங்கள் முன்னறிவிப்புக் கொடுத்து வேலையை விட்டு நீங்கலாம். காகிதத்தில் இது பெரிய முன்னேற்றமே. முன்சீப்பின் ஒப்பத்துக்கு ஊரில் என்ன விலை இருந்தது என்பதும், தோட்டத்துக்கு வெளியே அந்த இளைஞனுக்குத் தெரிந்த வீடு ஏதேனும் இருந்ததா என்பதும் வேறு கேள்விகள். 1938-இல் மலாயாவுக்கும் 1939-இல் இலங்கைக்கும் இந்திய அரசு தொழிலாளர் செல்வதைத் தடை செய்தது. மலேசியாவில் குடியுரிமை பெறாதவர் வேலை செய்ய அனுமதிச் சீட்டு வேண்டும் என்ற சட்டம் 1969-இல் கடுமையாக நடைமுறைக்கு வந்தபோது, அங்கேயே பிறந்து வளர்ந்தவர் உட்படப் பல்லாயிரவர் கப்பலேறித் தமிழகம் திரும்பினர். போவதற்குச் சீட்டுக் கேட்காத பரம்பரை, இருப்பதற்குச் சீட்டு இல்லாமல் வந்து சேர்ந்தது.

வளைகுடா நாடுகளைப் பற்றி நம் வீடுகளுக்கே தெரியும், சுருக்கமாகச் சொல்கிறேன். அங்கே ‘கஃபாலா’ முறையில் தொழிலாளியின் விசா பொறுப்பாளரின் பெயரோடு கட்டப்பட்டது. வேறு வேலைக்கு மாற அவரது ஒப்புதல் வேண்டியிருந்தது. கத்தார் 2020-இல்தான் அவ்வொப்புதலை நீக்கியது. நம் அரசின் 1983-ஆம் ஆண்டுக் குடியகல்வுச் சட்டத்தின் கீழ், குறிப்பிட்ட நாடுகளுக்கு வீட்டு வேலைக்குச் செல்லும் பெண்ணுக்கு 30 வயது நிரம்பியிருக்க வேண்டும் என விதித்தார்கள்.

இந்த 30 என்னும் எண்ணை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். ஆஸ்திரேலியா 1975-இல் பிரிட்டன், கனடா முதலிய நாடுகளின் இளைஞர்க்கென ஒரு புதுவகை விசாவைத் தொடங்கியது. ஓராண்டு தங்கலாம், ஊர் சுற்றலாம், கைச்செலவுக்கு வேலையும் செய்யலாம். இவ்வகை விசாவை இந்தியருக்கும் 2024-இல் திறந்தார்கள். வயது 18 முதல் 30 வரை. ஆண்டுக்கு 1,000 இடங்கள். குலுக்கல் முறையில் தேர்வு. பிரிட்டன் 2023-இல் இந்தியப் பட்டதாரிகளுக்கு இதேபோல் ஈராண்டுத் திட்டம் ஒன்றைத் தொடங்கி 3,000 இடங்கள் ஒதுக்கியது. வீட்டு வேலைக்குப் போகும் பெண்ணுக்கு முப்பது என்பது வாயில் திறக்கும் வயது. படித்த பெண்ணுக்கு அது வாயில் மூடும் வயது.

ஆஸ்திரேலிய விசாவின் நிபந்தனை ஒன்றைப் படித்தபோது சிறிது நேரம் பேச்சற்று இருந்தேன். பொதுவிதியாக, ஒரே முதலாளியிடம் ஆறு திங்களுக்கு மேல் வேலை செய்தல் கூடாது. பாலசுந்தரம் ஐந்தாண்டுக்குள் முதலாளியை விட்டால் சிறை. இங்கே ஆறு திங்களுக்கு மேல் விடாதிருந்தால் விசாவுக்குக் கேடு. எனினும் உடனே மகிழ்ந்துவிட வேண்டாம். இரண்டாம் ஆண்டும் தங்க விரும்புவோர் தலைநகரங்களுக்கு அப்பால், பெரும்பாலும் பண்ணைகளில், மூன்று திங்கள் வேலை செய்திருக்க வேண்டும் என்ற விதி உண்டு. பழம் பறிக்கும் இளைஞர்களை இடைத்தரகர்கள் கூலியிலும் குடியிருப்பிலும் ஏய்ப்பதை அந்நாட்டு அரசின் தொழிலாளர் நல அதிகாரியே 2016-இல் ஆய்ந்து அறிக்கை தந்தார். எடைக்கணக்கில் கூலி பெறும் பழத்தோட்டத் தொழிலாளிக்கும் மணிக்கூலி அடித்தளம் உண்டு என்ற ஆணை 2022-இல்தான் நடைமுறைக்கு வந்தது. 2024 சூலை முதல் பிரிட்டன் கடவுச்சீட்டு உடையோருக்கு அப்பண்ணை வேலை விதி இல்லை. ஏனையோர் பலருக்கு அது தொடர்ந்தது. கங்காணி என்ற சொல் அங்கே வழங்குவதில்லை என்பது உண்மை.

என் மாணவி கொண்டுவந்தது இந்தக் குலுக்கலுக்குரிய தாள்கள். முதுகலை முடித்தவள், வயது 23, தந்தை கைத்தறி நெசவாளர். அவளோடு ஒரு கேள்வியும் வந்தது. “அம்மா, தரகர் எல்லாம் தானே பார்த்துக்கொள்வதாகச் சொல்கிறார். போய்ச் சேர்ந்ததும் வேலைக்கும் ஏற்பாடு செய்வாராம். அதுவரை என் அசல் சான்றிதழ்களையும் கடவுச்சீட்டையும் அவரிடம் கொடுத்து வைக்கச் சொல்கிறார். கொடுக்கலாமா?” கேட்டவள் குரலில் அச்சம் இல்லை, பணம் குறைவாகக் கேட்கிறார் என்ற நன்றியே இருந்தது. நான் துண்டு முறையைப் பற்றி அரைமணி நேரம் சொன்னேன். ஆசிரியர்க்கு வேறு என்ன தெரியும்? அவள் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு, “அப்படியானால் நானே விண்ணப்பித்துவிடுகிறேன் அம்மா” என்றாள்.

துறை அறைக் கணிப்பொறியில் இருவருமாக அமர்ந்து நிரப்பினோம். பெயர், பிறந்த நாள், கடவுச்சீட்டு எண். முதலாளியின் பெயருக்கென்று ஒரு கட்டம் வரும் என்று நான் எதிர்பார்த்துக்கொண்டே இருந்தேன், வரவில்லை. கட்டணம் 25 ஆஸ்திரேலிய டாலர். அதைத் தன் தனிப்பயிற்சி வருவாயிலிருந்து கட்டினாள்.

குலுக்கலில் அவள் பெயர் விழவில்லை. முப்பது முடிய இன்னும் ஆண்டுகள் இருக்கின்றன என்று சொல்லிவிட்டுத் தற்போது ஒரு பள்ளியில் தமிழ் கற்பிக்கிறாள். சான்றிதழ்கள் அவள் வீட்டுத் தகரப் பெட்டியில்தான் இருக்கின்றன.