ஆம்ஸ்டர்டாம் டு பாசல்: ஒரே தண்டவாளம், ரெண்டு டிக்கெட்

கல்யாணம் ஆன கையோட யூரோப் ட்ரிப் போகணும்னு ப்ளான் போடுற ஒரு ஜோடி நம்ம எல்லாருடைய ஃப்ரெண்ட்ஸ் வட்டத்திலும் கண்டிப்பா இருக்கும். ஆளுக்கொரு பேக்பேக், போன்ல யூரெயில் பாஸ், நாலஞ்சு ஹாஸ்டல் புக்கிங். அவ்வளவுதான், கிளம்பிடலாம். இன்னைக்கு எபிசோட் அந்த பாஸைப் பத்தினது. விலை, ஆஃபர் எல்லாம் யூடியூப்ல நிறைய பேர் சொல்லிட்டாங்க. நாம பேசப்போறது, அந்த பாஸ் எங்கிருந்து வந்தது, அதுக்கு முன்னாடி அதே தண்டவாளத்துல யார் எப்படிப் போனாங்க என்பதைத்தான்.

ஐரோப்பா முழுக்க சுத்த வேண்டாம், ஒரே ஒரு ரூட்டை எடுத்துக்குவோம். ஆம்ஸ்டர்டாம் – பாசல். நெதர்லாந்தில் ஏறி, ஜெர்மனிக்குள் ரைன் நதியை ஒட்டியே தெற்கே போய், சுவிட்சர்லாந்து எல்லை நகரமான பாசலில் இறங்க வேண்டும். காலையில் கிளம்பினால் சாயங்காலத்துக்குள் போய்விடலாம். மூன்று நாடு, ரெண்டு எல்லை. பெரும்பாலான நாட்களில் எல்லை வந்ததே தெரியாது. "வெல்கம் டு ஜெர்மனி"ன்னு போன்ல மெசேஜ் வந்தாதான், ஓ, தாண்டிட்டோமான்னு ஜன்னலைப் பார்ப்போம்.

இவ்வளவு ஸ்மூத்தா இருக்கே, இது தானா வந்ததா? இல்லை. ஒவ்வொரு துண்டையும் யாரோ உட்கார்ந்து பேசி, சண்டை போட்டு, ஒட்டியிருக்காங்க.

முதல் துண்டு: தண்டவாளம்

நெதர்லாந்தின் முதல் ரயில் 1839-ல் ஆம்ஸ்டர்டாமுக்கும் ஹார்லெமுக்கும் இடையே ஓடியது. அதன் ரெண்டு தண்டவாளங்களுக்கு நடுவே இருந்த அகலம் 1945 மில்லிமீட்டர். அடுத்த வருடமே, தெற்கே ரைன் கரையில் இருந்த பாடன் என்ற தனி அரசு தன் முதல் பாதையைத் திறந்தது. அங்கே 1600 மில்லிமீட்டர். சுற்றியிருந்த மற்ற ஜெர்மன் அரசுகள் இங்கிலாந்தைப் பார்த்து 1435 மில்லிமீட்டரில் போட்டுக்கொண்டிருந்தன. அதாவது இன்றைக்கு நம்ம ஜோடி ஒரே சீட்டில் உட்கார்ந்து போகிற ரூட்டில், அன்றைக்கு மூன்று வகை அகலம்.

ரெண்டு டீம் தனித்தனியா கோட் எழுதிட்டு, கடைசியில இணைக்கும்போது எதுவும் பேசிக்காம போகும் இல்லையா, அதே கதைதான். ஒரு வித்தியாசம், இங்கே மாற்ற வேண்டியது இரும்பு. பாடன் அரசு 1854-55-ல் தன் பாதை முழுவதையும் 1435-க்கு மாற்றிப் போட்டது. நெதர்லாந்து 1866-க்குள் மாறி முடித்தது. பக்கத்து நாட்டுச் சரக்கும் ஆட்களும் தங்கள் வழியாகப் போகாமல் சுற்றிப் போய்விடுவார்களோ என்ற பயம்தான் பெரிய காரணம்.

பாசலில் இன்னொரு அதிசயம் இருக்கு. ஜெர்மனியிலிருந்து வரும் ரயில்கள் முதலில் நிற்கும் பாடிஷர் பான்ஹோஃப் ஸ்டேஷன், சுவிஸ் மண்ணில் இருக்கிறது. ஆனால் நடத்துவது ஜெர்மன் ரயில்வே. பாடனும் சுவிட்சர்லாந்தும் 1852-ல் போட்ட ஒப்பந்தத்தில் ஆரம்பித்தது இது. ரெண்டு உலகப் போர், அரை டஜன் ஆட்சி மாற்றம், எல்லாவற்றையும் தாண்டி அந்த ஏற்பாடு இன்னும் இருக்கு.

ரெண்டாவது துண்டு: கடிகாரம்

தண்டவாளம் ஒன்றானால் போதாது, நேரமும் ஒத்துப்போக வேண்டும். நெதர்லாந்துக்கு 1940 வரை சொந்த நேரம் இருந்தது, ஆம்ஸ்டர்டாம் நேரம். கிரீன்விச்சை விட 20 நிமிடம் முன்னால். பக்கத்து ஜெர்மனியோ கிரீன்விச்சை விட ஒரு மணி நேரம் முன்னால். எல்லையைத் தாண்டினால் 40 நிமிட வித்தியாசம்.

அது எப்படி சரியானது தெரியுமா? 1940 மே 10 அன்று ஹிட்லரின் படை நெதர்லாந்துக்குள் நுழைந்தது. ஐந்தே நாளில் டச்சுப் படை சரணடைந்தது. மே 16 அன்று, ஆக்கிரமிப்பு நிர்வாகத்தின் உத்தரவுப்படி, நாட்டின் கடிகாரங்கள் பெர்லினின் கோடை நேரத்துக்கு மாறின. ஒரே தாவலில் 1 மணி 40 நிமிடம் முன்னால். போர் முடிந்த பிறகும் நெதர்லாந்து பழைய நேரத்துக்குத் திரும்பவில்லை. இன்று ஆம்ஸ்டர்டாமிலும் பாசலிலும் ஒரே மணி காட்டுவதற்குப் பின்னால் இந்த வரலாறும் இருக்கு.

இதுல நான் கவனிக்கச் சொல்றது ஒண்ணுதான். ஒரு ஸ்டாண்டர்ட், பேச்சுவார்த்தையில வந்ததா, துப்பாக்கி முனையில வந்ததான்னு ரயிலுக்குத் தெரியாது. ரெண்டுலயும் அது ஒரே மாதிரிதான் ஓடும்.

அதே ரூட், வேற பயணி

ஆம்ஸ்டர்டாம் போகிற எல்லாரும் ஆன் ஃபிராங்க் வீட்டுக்கு டிக்கெட் எடுக்கப் பார்ப்பாங்க. நாஜிகளிடமிருந்து ஒளிந்திருந்தபோது டைரி எழுதிய யூதச் சிறுமி. அந்த வீட்டைப் பார்த்துட்டு நம்ம ஜோடி மறுநாள் பாசலுக்கு ரயில் ஏறினால், ஆனுக்குக் கிடைக்காத ஒரு பயணத்தைத்தான் அவங்க செய்றாங்க.

ஆன் பிறந்தது 1929-ல், ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட்டில். 1933-ல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்ததும் குடும்பம் பிரிந்தது. அப்பா ஓட்டோ ஃபிராங்க் ஆம்ஸ்டர்டாமுக்குப் போய்த் தொழில் தொடங்கினார், மனைவி மகள்கள் பின்னாலேயே வந்து சேர்ந்தார்கள். அப்பாவைப் பெற்ற பாட்டி பாசலுக்குப் போனார், அத்தை குடும்பம் ஏற்கெனவே அங்கே இருந்தது. ஆம்ஸ்டர்டாமில் பேத்தி, பாசலில் பாட்டி. 1935-லும் 1936-லும் ஆன் சுவிட்சர்லாந்தின் சில்ஸ் மரியா என்ற மலை ஊருக்கு லீவுக்குப் போய் வந்திருக்கிறாள். அதாவது, போக முடிந்த காலம் ஒன்று இருந்தது.

பிறகு கதவுகள் ஒவ்வொன்றாக மூடின. 1938 மார்ச்சில் ஜெர்மனி ஆஸ்திரியாவை இணைத்துக்கொண்டது, யூதர்கள் தப்பி ஓடினார்கள். அந்த ஆகஸ்டில் விசா இல்லாத அகதிகளுக்கு சுவிட்சர்லாந்து எல்லையை மூடியது. அதே இலையுதிர் காலத்தில், சுவிஸ் அரசுடன் நடந்த பேச்சுவார்த்தைக்குப் பிறகு, ஜெர்மனி தன் யூதக் குடிமக்களின் பாஸ்போர்ட்டில் சிவப்பு நிறத்தில் "ஜே" என்ற எழுத்தைக் குத்த ஆரம்பித்தது. எல்லையில் நிற்கும் அதிகாரி பாஸ்போர்ட்டைத் திறந்ததும் யாரைத் திருப்பி அனுப்பலாம் என்று தெரிய வேண்டும், அதற்காக.

1942 ஜூலையில் ஆனின் குடும்பம் தலைமறைவானது. 1944 ஆகஸ்ட் 4 அன்று பிடிபட்டார்கள். ஆம்ஸ்டர்டாமிலிருந்து வெஸ்டர்போர்க் முகாமுக்கு ரயிலில் கொண்டுபோனார்கள். செப்டம்பர் 3 அன்று அங்கிருந்து ஆஷ்விட்ஸுக்கு சரக்கு வேகன்களில். அந்த ஒரு ரயிலில் மட்டும் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள். 1945-ன் தொடக்கத்தில், 15 வயதில், பெர்கன்-பெல்சன் முகாமில் ஆன் இறந்தாள்.

வெஸ்டர்போர்க்கிலிருந்து கிழக்கே போகும் ரயிலுக்கு ஒரு டைம்டேபிள் இருந்தது. நீண்ட காலத்துக்கு, பெரும்பாலும் செவ்வாய்க்கிழமை. அதற்குக் கட்டணமும் இருந்தது. ஜெர்மன் ரயில்வே நிறுவனமான ரைக்ஸ்பான், முகாம்களுக்கு அனுப்பப்பட்டவர்களுக்கு மூன்றாம் வகுப்புக் கட்டணத்தைக் கணக்கிட்டு நாஜி அரசிடம் வசூலித்தது. பத்து வயதுக்குக் கீழே அரை டிக்கெட், நாலு வயதுக்குக் கீழே இலவசம். 400 பேருக்கு மேல் இருந்தால் குரூப் டிஸ்கவுன்ட். காவலுக்குப் போனவர்களுக்குத்தான் ரிட்டர்ன் டிக்கெட். வரலாற்றாசிரியர் ரவுல் ஹில்பர்க் இதையெல்லாம் ரயில்வேயின் ஆவணங்களிலிருந்தே எடுத்துக் காட்டினார்.

டச்சு ரயில்வேயும் பணம் வாங்கிக்கொண்டுதான் தன் பங்கு ரயில்களை ஓட்டியது. நெதர்லாந்திலிருந்து சுமார் 1,07,000 யூதர்கள் இப்படி அனுப்பப்பட்டார்கள். திரும்பி வந்தவர்கள் ஏறக்குறைய 5,000 பேர். 2005-ல் டச்சு ரயில்வே மன்னிப்பு கேட்டது. ஆனால் நஷ்டஈடு? அதற்கு இன்னும் பல வருடம் ஆனது. அயாக்ஸ் ஃபுட்பால் கிளப்பின் பிசியோதெரபிஸ்டாக இருந்த சாலோ முல்லர், பெற்றோரை அந்த ரயில்களில் இழந்தவர், விடாமல் கேட்டுக்கொண்டே இருந்தார். 2018-ல்தான் தனி நபர்களுக்கு நஷ்டஈடு தர நிறுவனம் ஒப்புக்கொண்டது.

ரூலும் மனுஷனும்

சுவிஸ் எல்லையில் வேறு ஒருவரும் இருந்தார். பவுல் குரூனிங்கர், சாங்க்ட் காலன் மாநிலத்தின் போலீஸ் கமாண்டர். 1938 ஆகஸ்டில் எல்லை மூடப்பட்டதும் அவர் என்ன செய்தார் தெரியுமா? பேப்பரில் தேதியை மாற்றினார். எல்லை மூடுவதற்கு முன்பே உள்ளே வந்துவிட்டார்கள் என்று பதிவு செய்து, நூற்றுக்கணக்கான யூதர்களை உள்ளே விட்டார். 1939-ல் அவரை வேலையிலிருந்து நீக்கினார்கள். 1940-ல் நீதிமன்றம் அவரைக் குற்றவாளி என்றது. அதன் பிறகு நிரந்தர வேலை கிடைக்காமல் வறுமையில் வாழ்ந்து, 1972 பிப்ரவரியில் இறந்தார்.

அந்த 1972-ஐ ஞாபகம் வெச்சுக்கோங்க. சர்வதேச ரயில்வே சங்கத்துக்கு 50 வயது ஆனதைக் கொண்டாட, அதே வருடம்தான் இன்டர்ரெயில் பாஸ் வந்தது. 21 வயது வரை உள்ள இளைஞர்கள், ஒரே டிக்கெட்டில், ஒரு மாதம், 21 நாடுகள். அந்த ஒரு வருடத்துக்கு மட்டும்னு யோசித்த திட்டம், கிடைத்த வரவேற்பில் நிரந்தரமானது. ஐரோப்பாவுக்கு வெளியே வசிப்பவர்களுக்கான யூரெயில் 1959-லிருந்தே இருந்தது. நம்ம ஜோடி வாங்குவது அதைத்தான்.

ஆனால் பாஸ் இருந்தாலும் எல்லையில் ரயில் நிற்கும், அதிகாரி ஏறுவார், முத்திரை விழும். அது போனதுக்குக் காரணம் பேக்பேக்கர்கள் இல்லை, லாரி டிரைவர்கள்! 1984-ல் எல்லையில் மணிக்கணக்கில் காத்திருந்து வெறுத்துப்போய் அவர்கள் சாலைகளை மறித்தார்கள். அந்த ஜூலையில் பிரான்சும் மேற்கு ஜெர்மனியும் சோதனையைக் குறைக்க ஒப்பந்தம் போட்டன. 1985 ஜூன் 14 அன்று பெல்ஜியம், நெதர்லாந்து, லக்ஸம்பர்க் நாடுகளும் சேர, லக்ஸம்பர்க்கின் ஷெங்கன் கிராமத்தில், மோசல் ஆற்றில் நின்ற ஒரு கப்பலில் கையெழுத்து போட்டார்கள். நடைமுறைக்கு வர பத்து வருடம் ஆனது, 1995 மார்ச். அதே 1995 நவம்பரில், சாங்க்ட் காலன் நீதிமன்றம் குரூனிங்கரைக் குற்றமற்றவர் என்று தீர்ப்பளித்தது. செத்து 23 வருடம் கழித்து. சுவிட்சர்லாந்து ஷெங்கனுக்குள் வந்தது 2008 டிசம்பரில்.

இப்போ?

கதை சுபமா முடிஞ்சதுன்னு சொல்லலாம்னா, முடியல. பாசலிலிருந்து அதே ரயில் பாதை ஆல்ப்ஸைத் துளைத்து இத்தாலிக்குப் போகிறது. எல்லையில் சுவிஸ் பக்கம் கியாசோ, இத்தாலி பக்கம் கோமோ. இன்ஸ்டாகிராம்ல எல்லாரும் போட்டோ போடுற அதே ஏரிக்கரை கோமோதான். 2016 கோடையில், வடக்கே போக ரயில் ஏறி, கியாசோவில் சுவிஸ் காவலர்களால் திருப்பி அனுப்பப்பட்ட நூற்றுக்கணக்கான அகதிகள், பெரும்பாலும் ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவர்கள், கோமோ ஸ்டேஷன் எதிரே இருந்த பார்க்கில் வாரக்கணக்கில் தங்கினார்கள். ரயில் அதன் பாட்டுக்கு நேரத்துக்கு ஓடியது. ரெண்டு வருடம் கழித்து, 2018-ல், 18 வயதான ஐரோப்பிய இளைஞர்களுக்கு ஐரோப்பிய ஒன்றியம் இலவச ரயில் பாஸ் கொடுக்கத் தொடங்கியது. இது ரெண்டும் ஒரே கண்டம்தான்.

2024 செப்டம்பரில் ஜெர்மனி தன் எல்லா நில எல்லைகளிலும் சோதனையைக் கொண்டுவந்தது. ஆம்ஸ்டர்டாம் – பாசல் ரூட்டில் ரெண்டு எல்லையும் அதில் அடக்கம். ஒவ்வொரு ரயிலிலும் ஏற மாட்டார்கள், ஒவ்வொருவரையும் கேட்க மாட்டார்கள். ஆனா கேக்கலாம்.

நம்ம ஜோடிக்கும் அந்த ரயில்ல சும்மா இடம் கிடைக்கல. ஷெங்கன் விசாவுக்கு பேங்க் ஸ்டேட்மென்ட், ஹோட்டல் புக்கிங், இன்சூரன்ஸ், ரிட்டர்ன் டிக்கெட்னு அடுக்கடுக்கா கொடுத்து, ஒரு அதிகாரி பார்த்து சரின்னு சொன்ன பிறகுதான் அவங்களுக்கு எல்லை காணாமப் போச்சு. எதிர் சீட்ல இருக்குற ஜெர்மன் பையனுக்கு அதெல்லாம் தெரியவே தெரியாது. கியாசோவில் இறக்கிவிடப்பட்டவருக்கு அந்த ஃபார்ம் நிரப்புற வாய்ப்பே இல்லை. மூணு பேருக்கும் தண்டவாளம் ஒண்ணு, அகலம் 1435 மில்லிமீட்டர்.

ஓட்டோ ஃபிராங்க் மட்டும் முகாமிலிருந்து உயிரோடு திரும்பினார். 1952-ல் அவர் பாசலுக்கே குடிபோனார், தன் அம்மாவும் தங்கையும் இருந்த ஊருக்கு. கடைசி வரை அந்தப் பக்கத்திலேயே வாழ்ந்தார்.

அதனால, போறவங்க தாராளமா போயிட்டு வாங்க. ரைன் கரையில அந்த ரயில் வளைஞ்சு போற இடமெல்லாம் அவ்வளவு அழகு. 27 வயசு வரைக்கும் இளைஞர் கட்டணம் உண்டு, மறக்காம பாருங்க. பாசல் நெருங்கும்போது போலீஸ் ஏறினா, உங்க பாஸ்போர்ட்டைக் காட்டிட்டு போனுக்குள்ள போயிடாதீங்க. அந்தப் பெட்டியில அடுத்து யாருகிட்ட கேக்குறாங்க, யாரைக் கேக்காம தாண்டிப் போறாங்கன்னு கொஞ்சம் கவனிங்க.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.