சபரகமுவத் தோட்டங்களில் நீர்வலுவும் நுகர்வும்

சபரகமுவ மாகாணம் இரத்தினபுரி, கேகாலை என்னும் இரு மாவட்டங்களைக் கொண்டது. தென்மேற்குப் பருவக்காற்றுக் கொணரும் பெருமழை இங்குக் களனி, களு கங்கைகளாகவும் அவற்றிற் கலக்கும் எண்ணற்ற ஓடைகளாகவும் பாய்கின்றது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இம்மலைச்சரிவுகளில் தேயிலையும், அதனையடுத்து இறப்பரும் பரவின. தேயிலைத் தொழிற்சாலைக்கு இருவகை ஆற்றல் வேண்டியிருந்தது: கொழுந்தை உலர்த்த வெப்பமும், அதனை உருட்டும் பொறிகளைச் சுழற்ற இயக்கவலுவும். முன்னதை விறகு அளித்தது. பின்னதை மலைநாட்டுத் தோட்டங்கள் பலவற்றில் ஓடைநீர் அளித்தது. நீர்ச்சில்லும், பின்னர் சிறு சுழலியும் இதற்குப் பயன்பட்டன. இன்று ‘புதுப்பிக்கத்தக்க சக்தி’ எனப் போற்றப்படுவது அன்று பெருந்தோட்டப் பொருளாதாரத்தின் சாதாரணக் கருவியாகவே இருந்தது எனலாம்.

ஆயின், அவ்வலு யார்வரை சென்றது என்பது ஈண்டு ஆராயத்தக்கது. தொழிற்சாலையையும் துரையின் பங்களாவையும் எட்டிய மின்னொளி, கூப்பிடு தொலைவிலிருந்த லயங்களை நெடுங்காலம் எட்டவில்லை. தமிழகத்திலிருந்து வந்து குடியேறிய தொழிலாளரின் அறைகளில் மண்ணெண்ணெய்க் குப்பி விளக்கே எரிந்தது. நீரின் வலுவால் இயங்கிய தோட்டத்தில், அதனைத் தம் உழைப்பால் வாழவைத்த மக்கள், கடல்கடந்து வந்த சுவட்டு எரிபொருளை விலைகொடுத்து வாங்கி இரவைக் கழித்தனர்.

நாடளாவிய நீர்மின் திட்டமும் இம்முரண்பாட்டை உடனே தீர்க்கவில்லை. பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர 1918இல் இலங்கையின் நீர்வலுப் பொருளாதாரம் பற்றிய ஆய்வுரையை முன்வைத்தார். களனி கங்கையின் மேற்கிளைகளிலிருந்து மின்சாரம் பெறலாம் என்ற அவரது கனவு, 1950இல் லக்சபான மின்நிலையம் இயங்கத் தொடங்கியபோது நனவாயிற்று. அதற்கு இரண்டாண்டுகளுக்கு முன்னரே, 1948இன் பிரசாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழருள் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியிருந்தது. பொதுச்செல்வமாக மின்சாரம் வளரத் தொடங்கிய வேளையில், அதனை உரிமையுடன் கோரும் குரல் அவர்களுக்கு இல்லாமற் போயிற்று.

பொது மின்வழங்கல் பரவியபின் தோட்டங்களின் சிறு நீர்மின் நிலையங்கள் பல கைவிடப்பட்டன. 1990களில், சிறு நிலையங்களின் மின்சாரத்தை இலங்கை மின்சார சபை விலைக்கு வாங்கும் முறை ஏற்பட்டதும், இரத்தினபுரி, கேகாலை ஓடைகளிற் புதிய நிலையங்கள் எழுந்தன. தொழிற்சாலைக்கு உழைத்த ஓடை இப்போது மின்சந்தைக்கு உழைக்கலாயிற்று.

இவ்வனுபவம் உலக வரலாற்றுக்குப் புறம்பானதன்று. நீராவிப் பொறி தோன்றுமுன் இங்கிலாந்தின் நிலக்கரிச் சுரங்கங்களிலிருந்து நீரை இறைக்க நீர்ச்சில்லுகளும் பயன்பட்டன. நிலக்கரியைத் திறம்படப் பயன்படுத்துவது அதன் நுகர்வைக் குறைக்காது, பெருக்கும் என்று 1865இல் பொருளியலறிஞர் ஜெவன்ஸ் வாதிட்டார். 2022இல் நோர்வேயை அண்டிய வடகடலில் மிதக்கும் காற்றாலைகள் எண்ணெய் அகழ்வு மேடைகளுக்கு மின்சாரம் வழங்கத் தொடங்கின. அகழ்வினால் எழும் புகை குறைகின்றது என்பர் ஒரு சாரார். அகழ்ந்த எண்ணெய் எங்கோ எரிக்கப்படவே செய்கின்றது என்பர் மறுசாரார். வலுவின் தூய்மை, அதனாற் பெறும் பொருளின் நோக்கத்தையோ, பயனின் பங்கீட்டையோ தூய்மையாக்கிவிடுவதில்லை என்பதே இவ்வாதத்தின் சாரம். சபரகமுவத் தோட்டங்கள் இதனை முன்னரே காட்டிவிட்டன.

2022 ஆகஸ்டில், பொருளாதார நெருக்கடியின் நடுவே, மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாயிற்று. அதே மாதத்தில், திங்களுக்கு 30 அலகுக்கு மேற்படாத வீடுகளின் மின்கட்டணம் அலகொன்றுக்கு 2.50 ரூபாவிலிருந்து 8 ரூபாவாக உயர்ந்தது. உற்பத்திச் செலவை விலை காட்டவேண்டும், மலிவு வீண்நுகர்வை வளர்க்கும் என்ற நியாயம் கூறப்பட்டது. அது முற்றிலும் தள்ளத்தக்கதன்று. ஆயினும், நூறாண்டுகளாகக் குறைவாகவே நுகரும்படி விதிக்கப்பட்டவரிடம் சிக்கனத்தைப் போதிப்பது எவ்வகையில் நியாயமாகும்? மிகுதியாக நுகர்வோர் விளக்கைத் தணிப்பதும், ஒற்றை விளக்கின்கீழ்ப் படிக்கும் பிள்ளையின் வெளிச்சத்தை அணைப்பதும் ஒன்றாகா. சக்தியின் வரலாற்றை எழுதுவோர் அணையின் உயரத்தையும் சுழலியின் திறனையும் மட்டும் அளந்து அமையாது, லயத்து விளக்கையும் கணக்கிற் சேர்த்தல் வேண்டும்.