தோட்டாவின் இரு விலைகள்



அலோர் காஜா, ஜாசின் வட்டாரத் தோட்டங்களில் வாழும் நமக்குத் தோட்டா என்றதும் காட்டுப்பன்றி வேட்டைதான் நினைவுக்கு வரும். பன்றி, இளம் செம்பனைக் கன்றின் குருத்தைத் தின்றுவிட்டால் அந்தக் கன்று பிழைக்காது. அதைத் தடுக்க, உரிமம் பெற்ற வேட்டைக்காரர் வருகிறார். அவர் பயன்படுத்தும் தோட்டாவின் விலை அண்மை ஆண்டுகளில் உலகெங்கும் ஏறியிருக்கிறது. காரணம் என்ன?

வேட்டைத் தோட்டா ஒன்றைப் பிரித்துப் பார்த்தால் விடை கிடைக்கும். அதன் அடியில் உலோகக் கிண்ணம். அதன் நடுவே தீப்பற்றும் மருந்து. அதற்கு மேலே வெடிமருந்து. முன்புறத்தில் ஈயக் குண்டுகள். இன்றைய வெடிமருந்து, பருத்தி நாரை அமிலத்தில் பதப்படுத்திச் செய்யப்படுவது. ஈயம் இறுகுவதற்கு ஆன்டிமனி என்ற உலோகத்தைச் சேர்க்கிறார்கள். இதே பொருள்கள்தாம் போர்ப் படைகளுக்கும் வேண்டும். 2022 பிப்ரவரியில் ரஷ்யப் படைகள் உக்ரேனுக்குள் புகுந்தபின் வெடிமருந்துக்குத் தட்டுப்பாடு வந்தது. 2024 செப்டம்பர் 15 முதல் சீனா ஆன்டிமனி ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு விதித்தது. எங்கோ நடக்கும் போர், பன்றி சுடுபவரின் கைப்பணத்தைத் தொடுகிறது.

இது நமக்குப் புதிதல்ல. 1950இல் கொரியப் போர் மூண்டபோது ரப்பர் விலை இராத்தலுக்கு 2 வெள்ளியைத் தாண்டியது. போர் வந்தால் பால் மரத்துக்கும் விலை ஏறும். ஈயத்துக்கும் விலை ஏறும்.

ஆனால் நம் நாட்டில் தோட்டாவுக்கு இன்னொரு விலையும் இருந்தது. அதைப் பணத்தால் அளக்க முடியாது.

1948 ஜூன் 16இல் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் ஐரோப்பியத் தோட்டக்காரர் மூவர் சுட்டுக் கொல்லப்பட்டனர். அவசரகாலம் பிறந்தது. அனுமதியின்றி ஆயுதம் வைத்திருப்போருக்கு மரண தண்டனை என்று ஆங்கில அரசு விதி செய்தது. அந்த விதிக்கு இரையானவர்களுள் ஒருவர் தமிழரான எஸ். ஏ. கணபதி. அவர் அனைத்து மலாயா தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவராக இருந்தவர். ஒரு கைத்துப்பாக்கியும் 6 தோட்டாக்களும் வைத்திருந்தார் என்பது அவர்மேல் சாட்டப்பட்ட குற்றம். 1949 மார்ச்சில் பிடிபட்ட அவர், மே 4ஆம் நாள் கோலாலம்பூர் புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். இந்திய அரசு பரிந்து பேசியும் பயனில்லை.

அந்நாள்களில் தோட்ட மக்கள் பட்ட துன்பம் கொஞ்சமன்று. லயங்களைச் சுற்றி முள்வேலி, இரவில் ஊரடங்கு, அரிசிக்கு அளவு. 1953 செப்டம்பர் 3இல், நாட்டிலேயே முதன்முதலாக நம் மலாக்கா மாநிலத்தின் ஒரு பகுதி ‘வெள்ளை வட்டாரம்’ என அறிவிக்கப்பட்டு, அங்கே இக்கட்டுப்பாடுகள் தளர்ந்தன. அவசரகாலம் 1960 ஜூலை 31இல் முடிந்தது.

அவசரகாலம் முடிந்தாலும் சட்டத்தின் கடுமை முடியவில்லை. 1960ஆம் ஆண்டின் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டம், பாதுகாப்பு வட்டாரத்தில் உரிமமின்றித் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருந்தோருக்கு மரண தண்டனை விதித்தது. அச்சட்டம் 2012இல் நீக்கப்பட்டது. 2023 ஜூலை 4 முதல் நம் நாட்டில் கட்டாய மரண தண்டனையும் இல்லை. ஆயினும் 1960ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் நடப்பில் உள்ளது. உரிமமின்றித் தோட்டா வைத்திருந்தால் 7 ஆண்டு வரை சிறை, 10,000 வெள்ளி வரை அபராதம், அல்லது இரண்டும் உண்டு.

இதை இன்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. விலை ஏறும்போது குறுக்கு வழி தேடும் எண்ணமும் எழும். தெரிந்தவரிடம் நான்கு தோட்டா கைமாற்றாக வாங்கலாமா, வெற்றுக் கூட்டில் மருந்து அடைத்துப் பார்க்கலாமா என்று சிலர் நினைக்கக்கூடும். மருந்தின் அளவு தவறினால் குழல் வெடித்துக் கையும் கண்ணும் போகும். தவறாவிட்டாலும் சட்டம் விடாது. பன்றித் தொல்லை மிகுந்தால் நிர்வாகத்திடம் சொல்வோம். உரிமம் உள்ளவரே சுடட்டும்.

பிள்ளைகளே, காட்டோரத்திலோ கால்வாயிலோ பழைய தோட்டாவோ குண்டோ கண்ணில் பட்டால் தொடாதீர்கள்; தட்டிப் பார்க்காதீர்கள். இடத்தை நினைவில் வைத்துப் பெரியவர்களிடம் சொல்லுங்கள். அவர்கள் போலீசுக்குத் தெரிவிப்பார்கள்.

கடையில் கொடுக்கும் விலை இன்று ஏறும், நாளை இறங்கும். 6 தோட்டாக்களுக்காக ஓர் உயிர் போன வரலாறு நம்முடையது. அதை வீட்டில் பிள்ளைகளுக்குச் சொல்லி வைப்போம்.