கயிறு அறுந்த நாள்: நாட்டை அளந்த முக்கோணங்கள்

ஒரு முக்கோணத்தின் மூன்று கோணங்களையும் கூட்டினால் 180 பாகை. இரண்டு தெரிந்தால் மூன்றாவது தானே வந்துவிடும். பள்ளிக்கூடத்தில் இதைப் படித்துவிட்டு, அதற்குப் பிறகு ஒரு நாள்கூட உதவவில்லை என்று சொல்பவர்கள் நம்மில் அநேகர். ஆனால் இந்த ஒரு கணக்கை வைத்துக்கொண்டுதான் இந்த நாட்டையே அளந்தார்கள். அந்த வேலை ஆரம்பித்ததும் நம் தமிழ்நாட்டில்தான்.

நம்மூரையே உதாரணமாக வைத்துப் பார்ப்போம். கிருஷ்ணன்கோவில் சாலையில் இரண்டு இடங்களைக் குறித்து, நடுவில் உள்ள தூரத்தைச் சங்கிலி போட்டு அளந்துகொள்கிறோம். மேற்கே மலையில் ஒரு பாறை தெரிகிறது. முதல் இடத்தில் நின்று பார்த்தால் சாலைக்கும் பாறைக்கும் கோணம் 62 பாகை, இரண்டாவது இடத்தில் 71 பாகை. அப்படியானால் பாறையில் உள்ள கோணம் 47. இனி சைன் சூத்திரத்தைப் போட்டால் பாறைக்குள்ள தூரம் வந்துவிடும். மலை ஏற வேண்டாம், வனத்துறையிடம் அனுமதி கேட்டு நிற்கவும் வேண்டாம். அப்படிக் கிடைத்த பக்கத்தையே அடுத்த முக்கோணத்துக்கு அடியாக வைத்துக்கொள்ளலாம். ஒரே ஒரு தூரத்தைத் தரையில் அளந்தால் போதும், மற்றதெல்லாம் கோணம்தான்.

தாலுகா ஆபீசில் புலப்படம் பார்த்தவர்களுக்குத் தெரியும், வயலையும் மூலைவிட்டம் போட்டு முக்கோணங்களாகத்தான் பிரித்திருப்பார்கள். அங்கே கோணம் கிடையாது, பக்கங்களின் நீளம் மட்டும்தான். வயலுக்குள் சங்கிலி இழுக்கலாம். மலைக்கும் ஆற்றுக்கும் குறுக்கே எப்படி இழுப்பது?

1802-ஆம் ஆண்டு ஏப்ரல் 10 அன்று வில்லியம் லாம்டன் என்ற ராணுவ அதிகாரி சென்னை பரங்கிமலை அருகே அடிக்கோடு அளக்கத் தொடங்கினார். நீளம் சுமார் ஏழரை மைல். 100 அடி எஃகுச் சங்கிலியை ஏறத்தாழ 400 தடவை போட வேண்டும். வெயிலில் இரும்பு நீளும் என்பதால் சங்கிலியை மரப்பெட்டிகளில் கிடத்தி, பக்கத்தில் வெப்பமானி வைத்து, ஒவ்வொரு தடவையும் திருத்தம் போட்டார்கள். இதில் ஒரு அங்குலம் தப்பினால் அந்தத் தப்பு அடுத்தடுத்த முக்கோணங்களில் ஏறிக்கொண்டே போகும்.

கோணம் அளக்க லண்டனிலிருந்து வரவழைத்த தியோடலைட் அரை டன் எடை. அது வந்த கப்பலை வழியில் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்து மொரீஷியசுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். பெட்டியில் இருப்பது என்னவென்று தெரிந்ததும், அங்கிருந்த பிரெஞ்சு ஆளுநர் மரியாதைக் கடிதம் ஒன்றையும் வைத்துச் சென்னைக்கு அனுப்பிவைத்தாராம். பிரெஞ்சு வழியில் படித்தவன் என்பதால் இந்தச் சம்பவத்தில் எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு. அந்த நாட்டிலும் சில வருஷங்களுக்கு முன்புதான் தெலாம்ப்ர், மெஷேன் என்ற இருவர் டன்கர்க்கிலிருந்து பார்சிலோனா வரை முக்கோணம் போட்டு மீட்டரின் நீளத்தைக் கண்டுபிடித்திருந்தார்கள். வேலையின் அருமை அவர்களுக்குத் தெரியும்.

சோழநாட்டுச் சமவெளியில் மலை கிடையாது. அதனால் லாம்டன் கோபுரங்களின் மேல் ஏறினார். 1808-இல் தஞ்சைப் பெரிய கோவிலில் அந்தக் கருவியை மேலே ஏற்றும்போது கயிறு அறுந்தது. கருவி சுவரில் மோதி, கோணக்குறிகள் வெட்டிய அதன் பெரிய வட்டம் நெளிந்துபோயிற்று. வட்டம் நெளிந்தால் கோணம் பொய். இன்னொன்று லண்டனிலிருந்து வர வருஷக்கணக்காகும். வேறு யாராக இருந்தாலும் கடிதம் எழுதிவிட்டுக் காத்திருந்திருப்பார்கள். அவரோ ஒரு பெரிய பலகையில் சரியான அளவில் வட்டம் வரைந்து, ஆப்பும் திருகும் கப்பியும் கொண்டு நெளிந்த வளையத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து, அந்த வட்டத்தோடு பொருத்தினார். இதற்கே ஆறு வாரம் ஆயிற்று. மறு வருஷம், 1809-இல், நம் திருநெல்வேலிச் சீமையில் இன்னொரு அடிக்கோடு அளந்தார். கணக்கில் வந்த நீளமும் தரையில் அளந்த நீளமும் ஒத்துப்போகின்றனவா என்று பார்ப்பதற்குத்தான் வழிநெடுக இப்படி அடிக்கோடுகள்.

இரண்டு கோணம் போதும் என்றாலும், முக்கியமான முக்கோணங்களில் மூன்றையும் அளந்தார்கள். கூட்டினால் 180 வரவேண்டும், அதுதான் சோதனை. ஆனால் சரியாக 180 வந்தாலும் தப்புதான்! பூமி உருண்டை அல்லவா? பக்கத்துக்கு 30 மைல் உள்ள முக்கோணத்தில் சுமார் 5 விகலை கூடுதலாக வரவேண்டும். ஒரு பாகையில் 3600 விகலை. அந்த ஐந்தைப் பிடிக்கத்தான் அரை டன் கருவி. அதைக் கட்டி இழுத்து, தோளில் தூக்கிக் காடும் மேடும் சுமந்தவர்கள் நம் ஜனங்கள். அவர்கள் பெயர்களை யாரும் எழுதிவைக்கவில்லை.

லாம்டன் 1823-இல் ஹிங்கன்காட்டில் வேலைக்கு நடுவிலேயே இறந்தார். முக்கோணங்கள் நிற்கவில்லை, இமயம் வரை போயின. நேபாளத்துக்குள் நுழைய அனுமதி இல்லாததால், நூறு மைலுக்கு அப்பால் சமவெளியில் நின்றே சிகரங்களைப் பார்த்தார்கள். பதினைந்தாம் எண் சிகரத்தின் கணக்கைப் போட்டவர்களில் முக்கியமானவர் ராதாநாத் சிக்தார் என்ற வங்காளி. 1856-இல் அறிவித்த உயரம் 29,002 அடி. அன்று அந்த உச்சியில் யாரும் கருவி வைத்துப் பார்த்திருக்கவில்லை. அங்கே உள்ள கோணம் கழித்து எடுத்ததுதான்.