மாலிக் இமாம் சொன்ன 32 "தெரியாது"

யாழ்ப்பாணம் திருநெல்வேலிக்குத் தென்மேற்கே, பட்டணத்தின் ஓரமாக இருக்கிறது சோனகத் தெரு. 1990 ஒக்டோபர் 30இல் வெளியேற்றப்பட்ட அவ்வூர் முஸ்லிம்களும், பின்னர் மீண்டு வந்தவர்களும் ஷாஃபிஈ மத்ஹபினர் (இஸ்லாமியச் சட்ட மரபினர்).

அந்த மத்ஹபின் இமாம் ஷாஃபிஈ (767–820) மதீனாவில் மாலிக் இப்னு அனஸிடம் ஓதியவர். குருவோ "தெரியாது" என்று சொல்வதற்குப் பேர்போனவர். ஒருமுறை அவரிடம் 48 கேள்விகள் கேட்கப்பட்டன. 32க்கு அதுவே பதில். இன்னொருமுறை, வட ஆபிரிக்காவின் மக்ரிபிலிருந்து ஆறு மாதம் பயணப்பட்டு ஒருவர் வந்தார். ஊரார் ஒரேயொரு கேள்வியைக் கொடுத்தனுப்பியிருந்தார்கள். மாலிக் கைவிரித்துவிட்டார். ஊருக்குப் போய் என்ன சொல்வது என்று வந்தவர் தவித்தார். மாலிக்குக்குத் தெரியவில்லையாம் என்று சொல்லுங்கள் என்றார் இமாம். வந்தவரின் முகத்தைக் கற்பனைசெய்தால் சற்றுப் பாவமாகத்தான் இருக்கிறது!

இப்படித் "தெரியாது" என்பது தன்னடக்கம் மட்டுமல்ல. உனக்குத் தெரியாததைப் பின்தொடராதே என்று குர்ஆனின் 17ஆம் அத்தியாயம் தடுக்கிறது. மறுமை எப்போது என்று வானவர் ஜிப்ரீல் வினவியபோது, கேட்டவரைவிடத் தாம் அதிகம் அறிந்தவரல்லர் என்றார் நபிகள்.

இலங்கையில் 1924இல் உருவான அகில இலங்கை ஜம்இய்யத்துல் உலமாவின் ஃபத்வாக்களும் (மார்க்கத் தீர்ப்புகளும்), முழு விளக்கம் தந்த பிறகும், அல்லாஹ்வே நன்கறிந்தவன் என்றுதான் முடிகின்றன.