மஞ்சள் பஸ்ஸும் ஒன்பது நாளும்

காலையில் ஏழரை மணிக்கு எங்கள் தெருமுனையில் வந்து நிற்கும் ஸ்கூல் பஸ் மஞ்சள். உங்கள் தெருவிலும் அப்படித்தான் இருக்கும். இந்த மஞ்சள் எங்கிருந்து வந்ததுன்னு தேட ஆரம்பிச்சேன். நிறத்தில் தொடங்கிய தேடல் கடைசியில் ஒரு தேதியில் போய் நின்னுடுச்சு.

அமெரிக்காவில் 1869இல் மாசசூசெட்ஸ் மாநிலம்தான் முதலில் பிள்ளைகளைப் பள்ளிக்குக் கொண்டுவர அரசுப் பணத்தைச் செலவழிக்கலாம் என்று சட்டம் போட்டது. கிராமத்து ஓராசிரியர் பள்ளிகளை மூடி, நாலைந்து ஊருக்கு ஒரு பெரிய பள்ளி என்று சேர்க்கச் சேர்க்க, தூரம் ஒரு பிரச்சினையாக வளர்ந்தது. 1919க்குள் 48 மாநிலங்களிலும் இப்படி ஒரு சட்டம் வந்துவிட்டது. ஆனால் எந்த வண்டி, எப்படிப்பட்ட வண்டி? அதைப் பற்றி யாரும் பேசவில்லை. குதிரை வண்டி, லாரி, லாரி மேல் மரப்பெட்டி, கையில் எது கிடைத்ததோ அது.

கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஆசிரியர் கல்லூரியில் கிராமக் கல்விப் பேராசிரியர் ஃபிராங்க் சைர். நெப்ராஸ்காக்காரர். 1937இல் பத்து மாநிலங்களில் பள்ளி வண்டிகளை ஆய்வு செய்தார். கான்சஸில் ஒரு இடத்தில் பிள்ளைகள் இன்னும் குதிரை வண்டியில் போய்க்கொண்டிருந்தார்கள். இன்னொரு ஊரில் தேசபக்தி வரட்டும்னு பஸ்ஸுக்கு சிவப்பு, வெள்ளை, நீலம் அடிச்சிருந்தாங்களாம்! அவரைக் கவலைப்பட வைத்தது பாதுகாப்பு மட்டுமில்லை, விலையும்தான். ஒவ்வொரு மாவட்டமும் ஒவ்வொரு அளவில் வண்டி கேட்டால், கம்பெனியால் மொத்தமாகச் செய்து மலிவாகக் கொடுக்க முடியாது.

ராக்ஃபெல்லர் அறக்கட்டளை தந்த 5,000 டாலரை வைத்து 1939 ஏப்ரலில் ஏழு நாள் மாநாடு கூட்டினார். 48 மாநிலங்களின் அதிகாரிகளோடு பஸ் கம்பெனி இன்ஜினியர்களும் பெயின்ட் நிபுணர்களும் வந்தார்கள். கூரை எவ்வளவு உயரம், நடுவில் நடக்கிற வழி எவ்வளவு அகலம் என்று மொத்தம் 44 விதிமுறைகள். நிறத்தைத் தேர்ந்தெடுத்தது இன்னும் சுவாரசியம். எலுமிச்சை மஞ்சளிலிருந்து அடர் ஆரஞ்சு வரை வண்ணத் துண்டுகளைச் சுவரில் வரிசையாகத் தொங்கவிட்டு, கண்ணால் பார்த்தே முடிவு செய்தார்கள். விடியற்காலை மங்கலிலும் அந்த மஞ்சள் மேல் கறுப்பு எழுத்து தெரிந்தது. அவ்வளவுதான் காரணம்.

இதெல்லாம் வெறும் சிபாரிசு. ஒரு மாநிலத்தையும் கட்டாயப்படுத்த அந்த மாநாட்டுக்கு அதிகாரம் கிடையாது. மின்னசோட்டா 1974இல்தான் கடைசி மாநிலமாக மஞ்சளுக்கு மாறியது. என் கணிப்பு இது: நிறம் பரவியதற்குக் காரணம் அது செலவில்லாத சீர்திருத்தம். எப்படியும் ஒரு பெயின்ட் அடிக்கத்தானே போறாங்க! இரும்பு வேலை அப்படி இல்லை.

வண்டிகளுக்குப் பாதுகாப்பு விதி போடும் அதிகாரம் மத்திய அரசுக்கு வந்ததே 1966இல். பள்ளி பஸ்களுக்கென்று தனிச் சட்டம் 1974 அக்டோபரில். பதினைந்து மாதத்தில் விதிகள் எழுத வேண்டும், அடுத்த ஒன்பது மாதத்தில் அமலாக வேண்டும் என்பது கணக்கு. விதிகள் எழுதப்பட்டன. உயரமான மெத்தை வைத்த சீட்டுகள், உறுதியான கூரை, மோதினாலும் ஒழுகாத பெட்ரோல் டேங்க். 1976 அக்டோபரில் வந்திருக்க வேண்டியது. காங்கிரஸ் அதை 1977 ஏப்ரல் 1க்குத் தள்ளி வைத்தது. அதுவும் அந்தத் தேதிக்குப் பிறகு தயாராகும் வண்டிகளுக்கு மட்டும்தான். ஏற்கெனவே ஓடும் வண்டிகளை விதி தொடவில்லை.

1977 மார்ச் 23. அன்று ஃபோர்டு தொழிற்சாலையில் ஒரு பஸ்ஸின் அடிச்சட்டம் தயாரானது. கெடுவுக்கு இன்னும் ஒன்பது நாள்.

அந்த பஸ் கென்டக்கியில் பல வருஷம் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு ஓடியது. பழசானதும் பள்ளி மாவட்டம் அதை விற்றுவிட்டது. வாங்கியது ஒரு தேவாலயம். 1988 மே 14 இரவு, பொழுதுபோக்குப் பூங்காவுக்குப் போய்விட்டு 67 பேரோடு திரும்பி வந்துகொண்டிருந்தது. பெரும்பாலும் சிறுவர் சிறுமியர். கரோல்டன் ஊர் அருகே, குடிபோதையில் ஒருவன் எதிர்த்திசையில் ஓட்டி வந்த பிக்கப் வண்டி நேராக மோதியது.

மோதலில் யாரும் சாகவில்லை. முன்வாசலுக்குப் பின்னால் இருந்த டேங்க் கிழிந்து தீப்பிடித்தது. டேங்கைச் சுற்றி இரும்புக் கூடு இல்லை. முன்வாசலும் அடைபட்டுவிட்டது. மிச்சமிருந்தது பின்பக்க அவசரக் கதவு. அதற்குப் போகும் வழி 12 அங்குல அகலம். எல்லாரும் ஒரே நேரத்தில் அதை நோக்கி ஓடினார்கள். சீட்டுக்குள் இருந்த ஃபோம் பற்றிக்கொண்டு நச்சுப் புகை கக்கியது. 27 பேர் இறந்தார்கள். அதில் 24 பேர் இளவயதினர்.

முதல் குற்றவாளி குடித்துவிட்டு ஓட்டியவன்தான், அதில் சந்தேகமே வேண்டாம். நீதிமன்றம் அவனுக்குத் தண்டனை கொடுத்தது. ஆனால் விதியின் பழைய தேதியே நீடித்திருந்தால், கூடு இல்லாமல் அந்த வண்டி விற்பனைக்கே வந்திருக்காது. ஐந்து மாதம் தள்ளி வைத்தபோது அது யாருக்கும் பெரிய விஷயமாகத் தோன்றியிருக்காது. பதினோரு வருஷம் கழித்து ஒரு பஸ் இப்படி எரியும்னு யார் நினைச்சிருப்பாங்க?

கென்டக்கி அதற்குப் பிறகு மாறியது. புதுப் பள்ளி பஸ்களுக்குப் பெட்ரோல் வேண்டாம், டீசல்தான் என்றார்கள். டேங்கைச் சுற்றிக் கூடு போட்டார்கள். அவசர வழிகளை அதிகமாக்கினார்கள். விபத்து நடந்த இடத்தில் ஐ-71 நெடுஞ்சாலை ஓரமாக அந்தத் தேதியைச் சொல்லும் ஒரு பலகை நிற்கிறது.